மூடியைத் திறக்காதீர்

கையேட்டில் நான்கு மொழி. நம்முடையது இல்லை.
மலாயில் படித்து மகனுக்குச் சொல்கிறேன்:
ஆடாத இடத்தில் வை.
பின்பக்கம் ஒரு சாண் விடு, அதுவும் மூச்சு விடணும்.
தலைமேல் எதையும் ஏற்றாதே.
முறுக்கு டின்னை எடு, பூச்சாடியை எடு,
மாரியம்மன் படத்தையும்,
மன்னிச்சுக்கோ தாயே, அந்த அலமாரிக்கு.

இரண்டு முள் பிளக்.
மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறந்து
சொருகிவிடுவது இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை.
இவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தே விட்டார்.
வேண்டாம் என்றேன்.
கீழ்க்கடையில் அடாப்டர் நான்கு வெள்ளி தொண்ணூறு காசு.
செத்தால் அதைவிடச் செலவு.

பாயான் லெப்பாஸில் பதினோரு வருஷம்
இதன் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.
மிளகளவு லென்ஸ்.
அதில் தூசு உட்கார்ந்திருக்கிறதா என்று
நுண்ணோக்கியில் குனிந்து பார்ப்பது வேலை.
உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு,
கண் மட்டும் வெளியே.
பவுடர் கூடாது. மை கூடாது.
திருநீறும் தூசுதான் தவமலர், என்றார் சூப்பர்வைசர் தியோ,
கோபமில்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல.
ஷிப்டுக்கு எண்ணூறு கண்.
ஒன்றுகூட என் எதிரில் விழித்ததில்லை.

பிறகு கம்பெனி வேறு நாட்டுக்குப் போனது.
காசோலையோடு ஆளுக்கொரு பெட்டி,
ஆளுக்கொரு வட்டு:
பிரியாவிடை விருந்தைப் படமெடுத்திருந்தார்கள்.

இது ரிலாவ் அடுக்குமாடி, பதினோராம் மாடி.
ஊதுபத்தி, நெத்திலி பொரித்த எண்ணெய்ப்புகை,
கடலுக்கு அப்பால் காடு எரிந்தால்
வாரக்கணக்கில் மூட்டம்.
சூடு கண்ட இடத்தில் முட்டைவைக்கப் பார்க்கும் பல்லி.
கையேட்டில் பல்லி இல்லை, நானே சேர்த்துக்கொள்கிறேன்:
வாரம் ஒருமுறை காற்றுத்துளைகளைப் பிரஷால் தட்டு,
அணைத்துவிட்டுத் தட்டு,
ஈரத்துணி வேண்டாம்.
தட்டு வெளியே நீண்டிருந்தால் விரலால் தள்ளாதே,
பொத்தானை அழுத்து;
யார் நாக்கையும் நாம் கையால் உள்ளே தள்ளுவதில்லை.

முதுகில் மஞ்சள் ஒட்டுத்தாள்.
மூடியைத் திறக்காதீர். கதிரை நேராகப் பார்க்காதீர்.
உள்ளே நீங்கள் பழுது பார்க்கக்கூடியது எதுவுமில்லை.
அங்கேயே நின்றுவிட்டேன்.
"என்னம்மா எழுதியிருக்கு?"
"அம்மாவுக்கு உள்ளே அனுமதி இல்லையாம்."

படம் ஓடியது. மேலதிகாரியின் பேச்சு.
எட்டாவது நிமிஷத்தில் அவர் வாய்
சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து நின்றது.
விளிம்பைப் பிடித்து எடுத்தேன், விளக்கில் சாய்த்தேன்.
ஒரு கட்டைவிரல் ரேகை. என்னுடையதில்லை, சிறியது.
பொட்டலம் கட்டும் பிரிவில் யாரோ ஒருத்தி
கையுறையைக் கழற்றியிருக்கிறாள்.
கடைசி நாளில் கையுறையை யார் கேட்டார்கள்.
மெல்லிய துணி, நடுவிலிருந்து விளிம்புக்கு,
நேராக, சுற்றிச் சுற்றி அல்ல, பார்த்துக்கோ லோகா,
என்று சொல்லிக்கொண்டே
அவளைத் துடைத்தேன்.

மறுபடி ஓடியது. இப்போது எங்கள் கூடம்:
வரிசை வரிசையாக வெள்ளை உடுப்புகள்.
"நீ எங்கம்மா?"
நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன்.
ரொஹாயா என்று நினைத்தது மெய் லிங்காக இருக்கலாம்.
மூன்றாம் மேசையில் ஒரு தலை
தும்மலை அடக்கிக்கொண்டு குலுங்குகிறது.
"அதுதான்" என்றேன்,
பிள்ளை கேட்கிறானே என்று.

கொடிமலைப் பக்கம் முதல் இடி.
மின்னல் கிட்டே வரும்வரை காத்திருக்கக் கூடாது,
சுவிட்சை அணைத்து, வயரை இழுக்காமல்,
பிளக்கைப் பிடித்துப் பிடுங்கினேன்.
வட்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது.
அப்படி விடக்கூடாதென்று பதினான்காம் பக்கம்.
"இப்ப என்னம்மா செய்யறது?"
"மழை விடட்டும்."

மூடி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
இவர் முறுக்கு டின்னைக் கொண்டுவந்து
அதன்மேல் வைத்தார்.
எடுத்தேன்.